தாணிப்பாறையில் ஒரு பை சோதனை பிறந்த கதை

ஆடி அமாவாசை நெருங்கிவிட்டால் வத்திராயிருப்பிலிருந்து தாணிப்பாறைக்குப் போகும் ரோடு கொள்ளாது. அருப்புக்கோட்டை, கோவில்பட்டி, மதுரை, திருநெல்வேலி என்று எல்லாப் பக்கமிருந்தும் ஜனம் வந்து இறங்கும். எல்லோரும் சதுரகிரி ஏறி சுந்தர மகாலிங்கத்தையும் சந்தன மகாலிங்கத்தையும் கும்பிட வந்தவர்கள். மலையடிவாரத்தில் வனத்துறையின் கேட் இருக்கிறது. அங்கே வரிசை மெதுவாகத்தான் நகரும். ஒவ்வொரு பையையும் திறந்து பார்த்த பிறகுதான் உள்ளே விடுவார்கள்.

"அண்ணாச்சி, பையைக் கொஞ்சம் திறந்து காட்டுங்க."

"எல்லாம் பூசைச் சாமான் தம்பி. வேற ஒண்ணும் இல்ல."

"சாமானைக் கொண்டு போங்க. இந்தக் கவரை மட்டும் இங்க போட்டுருங்க. தீப்பெட்டி இருக்கா?"

"சூடம் கொளுத்த வேணும்லா?"

"கோயில்ல இருக்கும் அண்ணாச்சி. காட்டுக்குள்ள வேண்டாம்."

பெரியவர் கொஞ்சம் முணுமுணுப்பார். பிறகு தோளில் கிடக்கும் துண்டை உதறி விரித்து, தேங்காய், பழம், வெற்றிலை எல்லாவற்றையும் அதில் கொட்டி, நான்கு முனையையும் இழுத்து ஒரே சுற்றில் முடிச்சுப் போடுவார். யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அவருடைய அப்பா காலத்தில் இந்த மலைக்குச் சாமான் இப்படித்தான் போனது. பக்கத்தில் மேசையடியில் தண்ணீர் பாட்டில், கேரி பை, ஷாம்பு பாக்கெட், பீடிக்கட்டு, தீப்பெட்டி என்று ஒரு குவியல் வளர்ந்துகொண்டிருக்கும்.

இந்தச் சோதனையை இன்றைக்குப் பலரும் கோயில் வழக்கத்தில் ஒன்றாகவே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ஆனால் இது ஒரே நாளில் ஓர் அரசாணையால் வந்து உட்கார்ந்ததல்ல. ஓர் அணில், ஒரு வெள்ளம், ஒரு தடை, கடைசியில் ஒரு புலி என்று நான்கு காரணங்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து சேர்ந்துதான் இப்படி ஆனது.

அணிலுக்கும் முந்திய காலத்தைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். மலையேறும் சனங்கள் அன்றைக்கும் கையில் இருந்ததை மிச்சம் வைக்காமல் காட்டில்தான் போட்டார்கள். சாப்பிட்ட இலை, வாழைப்பழத் தோல், தேங்காய் நார், பூச்சரம், விபூதி மடித்த காகிதம் எல்லாம் போனது காட்டுக்குத்தான். தையல் இலையைச் சாப்பிட்டு எறிந்தால் அடுத்த மழைக்குள் மக்கிவிடும். கட்டுச்சோறு கொண்டுவந்த துணி மூட்டை வீடு திரும்பும். எறிவது தவறாக இல்லாத காலம் அது. எறியும் கை பழகியதும் அப்போதுதான்.

பிறகு அந்தக் கைக்குள் வேறு பொருள் வந்தது. ஷாம்புவை ஒரு குளியலுக்கு ஒரு பாக்கெட் என்று சின்னப் பையில் அடைத்து விற்கும் யோசனை நம் கடலூரில் வளர்ந்ததுதான். சின்னி கிருஷ்ணன் என்பவரை அதற்கு முன்னோடியாகச் சொல்வார்கள். அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் 'சிக்' ஷாம்புவைத் தொடங்கி, கிராமத்துப் பெட்டிக்கடை வரை பாக்கெட்டைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். முழு பாட்டில் வாங்க முடியாத வீட்டுப் பெண்களுக்கு அது பெரிய விஷயம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஓடையில் குளித்துவிட்டு எழும் பக்தரின் கையில் கிழிந்த பாக்கெட் ஒன்று மிஞ்சியது. அதை அவர் இலையை எறிந்த அதே பழக்கத்தில் எறிந்தார். பிறகு தண்ணீர் பாட்டில் வந்தது, கேரி பை வந்தது, பிஸ்கட் உறை வந்தது. சுற்றுலா போகிறவர்களைத் திட்டும்போது இதை நாம் மறந்துவிடுகிறோம். மனிதர்கள் திடீரென்று கெட்டுப் போய்விடவில்லை. கையில் இருந்த பொருள் இருபது ஆண்டுக்குள் மாறிவிட்டது, பழக்கம் அத்தனை வேகமாக மாறவில்லை.

இனி அணில். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்புப் பக்கம் போனால், ஆற்றோரத்து உயர்ந்த மரங்களில் அதன் கூட்டைப் பார்க்கலாம். இலையும் குச்சியும் சேர்த்துக் கட்டிய பெரிய உருண்டை. பக்கத்து மரத்துக் கிளை தொடும் இடமாகப் பார்த்துத்தான் அது கூடு கட்டும், ஆபத்து என்றால் தப்பிக்க வழி வேண்டும் அல்லவா? வீட்டு முற்றத்தில் ஓடும் அணிலை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் திகைத்துப் போவோம். மூக்கிலிருந்து வால் நுனி வரை கிட்டத்தட்ட முக்கால் மீட்டர். முதுகு ரோமத்தில் வெள்ளை கலந்து நரைத்த சாம்பல் நிறம். தரையில் இறங்குவது அபூர்வம். மரம் விட்டு மரம் தாவியே வாழ்நாளைக் கழித்துவிடும். ஆகவே விறகுக்காகவோ பாதைக்காகவோ நடுவில் இரண்டு மரத்தை வெட்டிவிட்டால் அதற்கு ஊரே இரண்டாகப் பிளந்த கணக்கு. ஆள் சத்தம் கேட்டால் கிளையோடு கிளையாகப் படுத்து அசையாமல் கிடக்கும். தென்னிந்தியாவையும் இலங்கையையும் விட்டால் உலகத்தில் வேறெங்கும் இது கிடையாது.

இந்த மலைகளை அறிவியல் கண்ணோடு பார்த்தவர்களில் ஏ.ஜே.டி. ஜான்சிங்கைச் சொல்லாமல் இருக்க முடியாது. நாங்குநேரியில் பிறந்தவர். சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியில் விலங்கியல் ஆசிரியராக இருந்தார். பிறகு பந்திப்பூரில் செந்நாய்களை ஆராய்ந்து நாடறிந்த காட்டுயிர் அறிஞரானார். அவரும் ஜஸ்டஸ் ஜோஷுவாவும் சேர்ந்து இந்தச் சாம்பல் அணிலைப் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரை 1994இல் வெளியானது. மனிதர்களாலும் ஆடுமாடுகளாலும் அணிலின் வாழிடத்துக்கு என்ன ஆகிறது என்பதுதான் அதன் பொருள். ஜான்சிங் 2024 ஜூனில் காலமானார். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர் பெயர் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

1988 டிசம்பரில் அரசு, செண்பகத்தோப்பும் சதுரகிரியும் அடங்கிய இந்தக் காட்டில் சுமார் 485 சதுர கிலோமீட்டரைச் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயமாக அறிவித்தது. ஓர் அணிலின் பெயரில் இவ்வளவு பெரிய காடு! தென்மேற்கில் பெரியாறு புலிகள் காப்பகம், வடமேற்கில் மேகமலை, நடுவில் நம் மலை. சரணாலயம் என்று ஆனதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி உள்ளே நுழைவதற்கே அனுமதி வேண்டும். காகிதத்தில் கேட் பிறந்தது அன்றைக்குத்தான்.

ஆனால் காகிதத்து கேட் யாரையும் நிறுத்தவில்லை. நிறுத்தவும் முடியாது. எத்தனையோ தலைமுறையாக ஏறும் மலை அது. வழியில் வழுக்குப்பாறை, சங்கிலிப்பாறை, கோரக்கர் குகை, இரட்டை லிங்கம், பிலாவடிக் கருப்பு என்று ஒவ்வொரு மடக்குக்கும் ஒரு பெயர், ஒரு கதை, ஒரு கும்பிடு. சித்தர்கள் இன்றும் உலவும் இடம் என்று நம்பி வருகிறவர்களிடம் போய் இது அணிலின் வீடு என்று சொன்னால் தலையாட்டிவிட்டு ஏறுவார்கள். நினைத்த நாளில் ஏறினார்கள், இரவில் மேலே மடங்களில் தங்கினார்கள், ஓடையில் குளித்தார்கள். மிச்சத்தை ஓடைக்கரையிலேயே விட்டார்கள்.

நிலைமையை மாற்றியது 2015 மே மாதம். அமாவாசைக்கு வந்த கூட்டம் மலையில் இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. பாதையில் குறுக்கிடும் ஓடைகள் காட்டாறாகி, பக்தர்கள் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனார்கள். மேற்கு மலை ஓடையைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மேலே எங்கோ பெய்த மழை சில நிமிடத்தில் கலங்கல் சுவராக இறங்கி வரும். ராஜபாளையம் அய்யனார் கோயில் ஆற்றிலும் இதே கதைதான். அக்கரையில் மாட்டிக்கொண்டவர்களைத் தீயணைப்புத் துறையினர் கயிறு கட்டி இக்கரைக்குக் கொண்டுவரும் செய்தி மழைக்காலத்தில் அடிக்கடி வரும்.

அந்த வெள்ளத்துக்குப் பிறகு கட்டுப்பாடு இறுகியது. பிரதோஷத்திலிருந்து அமாவாசை வரை, பிரதோஷத்திலிருந்து பௌர்ணமி வரை என்று மாதத்தில் எட்டு நாள்தான் ஏறலாம் என்ற ஏற்பாடு பல ஆண்டுகள் நடந்தது. காலையில் குறித்த நேரத்துக்குள் ஏற வேண்டும், இரவில் தங்கக் கூடாது, மழை என்றால் கேட் திறக்காது, காட்டுத் தீ என்றாலும் திறக்காது. சனங்கள் அதற்குக் கட்டுப்பட்டார்கள். கோபப்பட்டவர்கள் உண்டு, வழக்குப் போட்டவர்களும் உண்டு. ஆனாலும் கேட்டில் நின்றார்கள். 26 ஆண்டுக்கு மேலாக அணில் செய்ய முடியாததை ஒரே நாள் வெள்ளம் செய்தது. எனக்கு இந்தக் கதையில் முக்கியமாகத் தோன்றுவது இந்த இடம்தான். உயிருக்குப் பயந்து மனிதர்கள் ஒரு வரிசையில் நிற்கப் பழகினார்கள். பையைத் திறக்கும் வேலை பிறகு அந்த வரிசையில் வந்து ஒட்டிக்கொண்டது.

2018 ஜூனில் அறிவித்து 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு அரசு ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை போட்டது. கேரி பை, டம்ளர், தட்டு, உறிஞ்சுகுழல், தண்ணீர்ப் பாக்கெட் எல்லாம் அதில் அடக்கம். அந்தத் தடை ஊருக்குள் எப்படி நடந்தது என்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சில மாதம் மறைந்திருந்த கேரி பை சந்தைக்குத் திரும்பி வந்துவிட்டது. ஆனால் ஒரே வாசல் உள்ள இடங்களில் தடை நிலைத்தது. சதுரகிரிக்குச் சாப்டூர்ப் பக்கமிருந்தும் வருசநாட்டுப் பக்கமிருந்தும் பழைய வழிகள் உண்டு. ஆனாலும் பெருங்கூட்டம் வருவது தாணிப்பாறை வழியாகத்தான். அங்கே ஆள் நின்று பார்த்தால் மலை முழுவதற்கும் பார்த்த மாதிரி.

2021 பிப்ரவரியில் இந்தச் சரணாலயத்தையும் மேகமலையையும் இணைத்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அமைந்தது. இந்தியாவில் 51ஆவது, தமிழ்நாட்டில் ஐந்தாவது. ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேலான பரப்பு. வைகையின் நீர்ப்பிடிப்புப் பகுதிக்கும் பாதுகாப்பு கிடைத்தது. கேட்டுக்குப் பின்னால் இன்னும் கனமான ஒரு சட்டம் வந்து நின்றது.

இவ்வளவும் சட்டத்தின் கதை. ஒரு மனிதர் கையில் இருக்கும் பாக்கெட்டை எறிவாரா, மடித்துப் பையில் வைப்பாரா என்பதை உண்மையில் எது முடிவு செய்கிறது? இதை உலகத்தில் பலர் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் கல்மரக் காடு ஒன்று தேசியப் பூங்காவாக இருக்கிறது. பல கோடி ஆண்டுகளுக்கு முந்திய மரங்கள் கல்லாகிக் கிடக்கும் இடம். பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு துண்டை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். ராபர்ட் சியால்டினி என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் அங்கே இரண்டு விதமான அறிவிப்புப் பலகைகளை வைத்துப் பார்த்தார்கள். ஒன்று, இதற்கு முன் வந்தவர்கள் நிறைய எடுத்துப் போய்விட்டார்கள், காடு சீரழிகிறது என்று வருத்தப்பட்டது. இன்னொன்று, தயவுசெய்து எடுக்காதீர்கள் என்று மட்டும் சொன்னது. பாதையில் அடையாளமிட்டு வைத்த துண்டுகளில் இரண்டாவது பலகை இருந்த இடத்தில் 1.67 சதவீதம் காணாமல் போனது. வருத்தப்பட்ட பலகை இருந்த இடத்தில் 7.92 சதவீதம். எல்லோரும் எடுக்கிறார்கள் என்று நாமே எழுதி வைத்தால், சரி, நாமும் எடுப்போம் என்றுதான் மனம் போகிறது.

இதே சியால்டினி 1990இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு குப்பையைப் பற்றியே. வாகன நிறுத்துமிடத்தில் காரின் கண்ணாடியில் துண்டுப் பிரசுரம் செருகி வைத்தார்கள். தரை சுத்தமாக இருந்தால் அதைக் கீழே போட்டவர்கள் குறைவு, ஏற்கெனவே குப்பை கிடந்தால் மிக அதிகம்.

நம் ஊர் மலையடிவாரங்களில் இருக்கும் பலகைகளை நினைத்துப் பாருங்கள். "பிளாஸ்டிக் கழிவுகளால் வனவிலங்குகள் உயிரிழக்கின்றன" என்று பெரிய எழுத்தில் இருக்கும். அதன் காலடியிலேயே பாட்டில்கள் கிடக்கும். படிப்பவர் மனதில் நிற்பது எழுத்து அல்ல, பாட்டில்தான். செண்பகத்தோப்பிலும் அய்யனார் கோயில் பக்கத்திலும் விடுமுறை நாளுக்கு மறுநாள் காலையில் குப்பை பொறுக்கும் பெண்கள் செய்யும் வேலை நாம் நினைப்பதைவிடப் பெரியது. அவர்கள் முந்தின நாளின் அழுக்கை எடுப்பதோடு நிற்கவில்லை. அன்றைக்கு வரப்போகிற கூட்டத்தின் நடத்தையையும் பாதி தீர்மானித்துவிடுகிறார்கள். கூட்டம் வந்துபோன பிறகு மட்டும் சுத்தம் செய்வதைவிட, வருவதற்கு முன் விடியற்காலையில் ஒருமுறை செய்வது பலன் தரும்.

பணமும் நன்றாக வேலை செய்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. நீலகிரியில் காட்டுக்குள் மது பாட்டில்களை உடைத்துப் போடுவதால் யானைகளின் காலில் கண்ணாடி ஏறுகிறது என்ற வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிமன்றம் சொன்னதன் பேரில் 2022 மே மாதம் முதல் டாஸ்மாக் கடைகள் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொண்டுவந்தால் திருப்பிக் கொடுத்தன. பெரும்பாலான பாட்டில்கள் திரும்பி வந்தன. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் திட்டம் போனது. குடித்துவிட்டுப் பாட்டிலை எறிந்தவரும், பத்து ரூபாய்க்காக அதைத் திருப்பிக் கொடுத்தவரும் ஒரே ஆள்தான். அவருக்கு யாரும் சூழலியல் வகுப்பு எடுக்கவில்லை.

வெளியூர்க்காரன்தான் குப்பை போடுகிறான் என்று எங்கள் பக்கம் சுலபமாகச் சொல்லிவிடுவோம். அது முழு உண்மையல்ல. ராஜபாளையத்துக்காரர்கள் குடிப்பது முடங்கியாற்றுத் தண்ணீர். அந்த மலைத் தண்ணீரைத்தான் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தில் சேர்த்து ஊருக்குக் கொடுக்கிறார்கள். இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு அய்யனார் கோயிலுக்குப் போய், கிடா வெட்டிச் சமைத்துச் சாப்பிட்டு, எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு எழுந்து வரும்போது, கரையில் கிடக்கும் பாக்கெட்டுகளில் பாதி உள்ளூர்ப் பெட்டிக்கடையில் வாங்கியவை. தெரிந்திருப்பது மட்டும் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

தாணிப்பாறை கேட்டின் பலம் என்னவென்றால், அங்கே ஒரு மனிதர் நிற்கிறார். பலகை பேசாது, அவர் பேசுவார். அவர் பெரும்பாலும் பக்கத்து ஊர்க்காரர், சில வேளை மலையடிவாரத்துப் பளியர் பழங்குடியினர் குடியிருப்பைச் சேர்ந்தவர். சட்டப் பிரிவு எண்ணைச் சொல்வதைவிட, "சித்தர் நடமாடுற இடம் ஐயா, நாம அசுத்தம் பண்ணலாமா?" என்று கேட்பது அந்த வரிசையில் நன்றாக எடுபடும். பக்தியும் காட்டுப் பாதுகாப்பும் எதிரிகள் என்ற பேச்சு இரண்டு பக்கமும் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறும் மனதுக்குப் பாட்டிலை வைத்துவிட்டு ஏறுவது பெரிய பாரமல்ல. கேட்பவர் மரியாதையாகக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

கேட்டின் குறையையும் சொல்ல வேண்டும். பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு, செங்குத்தான பாதையில் வயதான அம்மாக்களைத் தண்ணீர் இல்லாமல் ஏற்றுவது நியாயமில்லை. தாகத்தில் தவிக்கும் ஒருவரிடம் போய் அணிலைப் பற்றியும் புலியைப் பற்றியும் பேச முடியாது. அவர் அடுத்த முறை பாட்டிலை இடுப்பில் ஒளித்துக்கொண்டுதான் வருவார். வனத்துறையும் அறநிலையத் துறையும் மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து, பாதை நெடுக நடந்து வருபவர் கண்ணில் படும்படி குடிநீர் வைக்க வேண்டும். அடிவாரத்தில் வாடகைக்கு எவர்சில்வர் செம்பும் துணிப்பையும் கிடைக்க வேண்டும். அந்தக் கடையை அடிவாரத்துப் பெண்கள் குழுக்களிடமே கொடுக்கலாம். பாட்டில் கொண்டுபோயே ஆக வேண்டும் என்பவரிடம் நீலகிரி மாதிரி முன்பணம் வாங்கிக்கொண்டு, இறங்கி வரும்போது திருப்பிக் கொடுக்கலாம். அய்யனார் கோயில் ரோட்டிலும் செண்பகத்தோப்பிலும் கூட்ட நாட்களில் இதையே செய்யலாம்.

அடுத்த அமாவாசைக்கு ஏறுவதாக இருந்தால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். துணிப்பை ஒன்று, நிரப்பிக்கொள்ளும் செம்போ பாட்டிலோ ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். சோப்பும் ஷாம்பு பாக்கெட்டும் வண்டியிலேயே இருக்கட்டும், ஓடையில் வெறும் தண்ணீரில் குளித்தாலே போதும். கேட்டில் நிற்பவர் கேட்பதற்கு முன் நீங்களே பையைத் திறந்து காட்டுங்கள். இறங்கி ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து பால்கோவா வாங்கும்போது, கவர் வேண்டாம் அண்ணாச்சி என்று கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.